விரல் நோகாமல் கிதார்



சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். அமராவதி நகரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுடைய அம்மா உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். மகள் ஆசைப்பட்டுக் கேட்டாளே என்று தீபாவளி போனஸ் பணத்தில் பழைய கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்.

“சார், இதை வித்துப் போடலாம்னு இருக்கேனுங்க. ஒரு பாட்டு வாசிக்கறதுக்குள்ள விரலெல்லாம் எரியுதுங்க. சொல்லிக் குடுக்கற அண்ணன், உனக்கு மெத்து விரலு, கிதாருக்கு ஆகாதுன்னுட்டாருங்க” என்றாள்.

இடக்கையை விரித்துக் காட்டினாள். நான்கு விரல் நுனிகளிலும் தந்தி பதிந்த சிவப்புக் கோடுகள். ஒரு விரலில் கொப்புளம் கட்டி உடைந்திருந்தது.

எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் இழுத்துக் கட்டிய கம்பியைப் பற்றி இயற்பியலுக்கு நன்றாகத் தெரியும். “விற்பது இருக்கட்டும் அம்மா. முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தப்பு விரலில் இருக்கிறதா, தந்தியில் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் முடிவு செய்யலாம்” என்றேன். அன்று நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

ஒரு சிறு சோதனை

அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்தில் சாதாரணத் தையல் நூலைக் கட்டி, ஒரு விரலில் தொங்கவிடுங்கள். நூல் விரலை அறுப்பது போலிருக்கும். இப்போது அதே புட்டியைப் பனியன் துணியில் வெட்டிய ஒரு விரற்கடை அகலமுள்ள பட்டையால் கட்டித் தொங்கவிடுங்கள். வலியே தெரியாது. புட்டியின் எடை மாறவில்லை, விரல் மாறவில்லை. எடை எவ்வளவு பரப்பின்மேல் விழுகிறது என்பது மட்டுமே மாறியது.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுக்க வருவது. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள செய்திதான். தோலுக்கு வலியைத் தருவது இந்த அழுத்தம். ஆகவே நம் மாணவியின் வலியைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விரல் கொடுக்க வேண்டிய விசையைக் குறைப்பது. மற்றொன்று, அந்த விசை விழும் பரப்பைக் கூட்டுவது. கிதார்க் கடையில் தொங்கும் தந்திப் பொட்டலங்கள் அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ செய்பவைதாம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். “மெல்லிய நூல்தானே விரலை அறுத்தது? அப்படியானால் கிதாருக்குத் தடித்த தந்தி போட்டால்தானே சுகம்?” என்று கேட்பீர்கள். அந்த மாணவியும் இதையேதான் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை காண, தந்தியை இழுத்துப் பிடித்திருப்பது யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

தந்தியை இழுப்பது எது?

கிதாரில் ஆறு தந்திகள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் ஒலிக்கும்படி சுருதி சேர்க்கப்படுகிறது. எல்லாவற்றிலும் மெல்லிய முதல் தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 330 தடவை அதிர வேண்டும். தடித்த ஆறாம் தந்தி விநாடிக்கு 82 தடவை. இந்த அதிர்வெண்ணை எட்டும்வரை தலைப்பக்கத் திருகாணியை முறுக்கிக்கொண்டே போகிறோம். தந்தியில் இழுவிசை ஏறுகிறது.

எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு சுருதி ஏறும்? பண்டைக்காலத்திலிருந்து வந்த நம்பிக்கை ஒன்று இருந்தது: இழுவிசையை இரு மடங்காக்கினால் சுருதியும் இரு மடங்காகும் என்பது அது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூட் என்னும் தந்திக் கருவியை வாசித்து வந்த வின்சென்சோ கலிலி, தந்தியில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்து, இது தவறென்று கண்டார். சுருதி இரு மடங்காக வேண்டுமானால் எடை நான்கு மடங்காக வேண்டும். இவர் யார் தெரியுமா? விஞ்ஞானி கலிலியோவின் தந்தை! பின்னர் 1636-இல் பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் மரின் மெர்சென் தந்திகளின் விதிகளை முழுமையாக எழுதி வெளியிட்டார். மேல் வகுப்புகளில் சுரமானி என்னும் கருவியைக் கொண்டு இவ்விதிகளை நீங்களே சரிபார்க்கப் போகிறீர்கள்.

அவ்விதிகளை நமக்கு வேண்டியபடி மாற்றி எழுதினால் இப்படி வரும்:

இழுவிசை = 4 × நீளத்தின் வர்க்கம் × அதிர்வெண்ணின் வர்க்கம் × ஒரு மீட்டர் தந்தியின் நிறை

சாதாரணக் கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். அதைக் கருவி செய்தவர் முடிவு செய்துவிட்டார். அதிர்வெண்ணைச் சங்கீதம் முடிவு செய்துவிட்டது. நாம் கடையில் தேர்ந்தெடுக்கக் கூடியது ஒன்றே ஒன்று: ஒரு மீட்டர் தந்தியின் நிறை.

இந்த அளவு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. நூலுக்கு 30-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் என்று சொல்கிறோமே, அது இதேதான். 840 கெஜம் நீளமுள்ள நூற்சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்ணிக்கையே பருத்தி நூலின் நம்பர். 40 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு என்றால் 40-ஆம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. கிதாரின் முதல் தந்தியை இந்தக் கணக்கில் பார்த்தேன். வழக்கமான ‘லைட்’ வகை எஃகுத் தந்தி ஏறக்குறைய ஒன்றாம் நம்பர் நூல்! அதைவிட மெல்லிய ‘எக்ஸ்ட்ரா லைட்’ ஏறக்குறைய ஒன்றரை நம்பர். பனியன் நெய்யும் 40-ஆம் நம்பர் நூலை நாற்பது இழை சேர்த்துப் பிடித்தால், லைட் தந்தியின் எடைக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தந்திப் பொட்டலத்தின்மேல் போட்டிருக்கும் எண் நூல் நம்பருக்கு நேர்மாறானது. அது தந்தியின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. 10 என்றால் 0.010 அங்குலம். இங்கே எண் ஏற ஏறத் தந்தி தடித்தது.

திருகு அளவி சொன்ன செய்தி

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கம்பியின் விட்டத்தை அளந்த அதே திருகு அளவியால் மாணவியின் கிதாரில் முதல் தந்தியை அளந்தோம். 0.33 மில்லிமீட்டர். அதாவது 13-ஆம் எண் தந்தி. எஃகின் அடர்த்தியைக் கொண்டு நிறையைக் கணக்கிட்டு, மேலே சொன்ன வாய்பாட்டில் போட்டோம். மற்ற எண்களுக்கும் போட்டுப் பார்த்தோம். முதல் தந்திக்குக் கிடைத்த விடைகள் இவை:

10-ஆம் எண் — விட்டம் 0.25 மி.மீ. — இழுவிசை 7.4 கிலோ எடை
11-ஆம் எண் — விட்டம் 0.28 மி.மீ. — இழுவிசை 9.0 கிலோ எடை
12-ஆம் எண் — விட்டம் 0.30 மி.மீ. — இழுவிசை 10.7 கிலோ எடை
13-ஆம் எண் — விட்டம் 0.33 மி.மீ. — இழுவிசை 12.5 கிலோ எடை

மேலிருந்து கீழே வந்தால் விட்டத்தில் கூடியிருப்பது 0.08 மில்லிமீட்டர், தலைமுடி ஒன்றின் கனம். இழுவிசையில் கூடியிருப்பதோ ஐந்து கிலோ! காரணம், நிறை என்பது குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் கொஞ்சம் கூடினாலும் இழுவிசை வர்க்கக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இப்போது அந்தக் குழப்பத்துக்கு விடை கிடைத்துவிட்டது. தண்ணீர்ப் புட்டியில் எடை நிலையாக இருந்தது. அதனால் மெல்லிய நூல் அதிகம் வலித்தது. கிதாரில் அப்படியில்லை. தந்தியின் விட்டத்தைப் பாதியாக்கினால் இழுவிசை கால் பங்காகிவிடும். விரலைத் தொடும் அகலம் பாதிதான் குறையும். விசை கால் பங்கு, பரப்பு அரைப் பங்கு. ஆகவே அழுத்தமும் அரைப் பங்குதான். எஃகுத் தந்திகளுக்குள் மெல்லியதே விரலுக்கு இதம்.

“மெல்லிசாப் போட்டா அறுந்துடாதுங்களா?” என்று மாணவி கேட்டாள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு எவ்வளவு இழுவிசையைத் தாங்குகிறது என்று பாருங்கள். 10-ஆம் எண்ணில் 7.4 கிலோவை அதன் பரப்பால் வகுத்தால் சுமார் 146 கிலோ வருகிறது. 12-ஆம் எண்ணிலும் வகுத்துப் பாருங்கள், அதே 146 கிலோ! தந்தி தடித்தால் இழுவிசையும் பரப்பும் ஒரே வீதத்தில் கூடுவதால் விகிதம் மாறுவதில்லை. சுருதி சேர்க்கும்போது மெல்லிய தந்தியும் தடித்த தந்தியும் அறுபடும் எல்லையிலிருந்து ஒரே தொலைவில்தான் நிற்கின்றன. கையால் பலமாக அடித்தால் மெல்லியது முதலில் அறும் என்பது உண்மை. ஆனால் முறுக்கிக் கட்டுவதால் மட்டும் அறுந்துவிடாது.

மெல்லிய தந்தியால் நட்டமே இல்லையா? உண்டு. இழுவிசை குறைந்த தந்தி மரப்பெட்டியைக் குறைவாகவே அசைக்கும். ஒலியின் கனம் சற்றுக் குறையும். ஓங்கி மீட்டினால் தந்தி அதிகமாகத் துள்ளி மெட்டுகளில் மோதிக் கரகரக்கும். கூடத்தில் நாலு பேர் கேட்க வாசிக்கும் நாளில் இதைப் பற்றிக் கவலைப்படலாம். வீட்டுத் திண்ணையில் பழகும் நாளில் இது பெரிய நட்டமில்லை.

நைலான் வந்த கதை

இனி இரண்டாவது வழி: பரப்பைக் கூட்டுவது. தந்தியை அகலமாக்க வேண்டும். ஆனால் நிறை கூடக்கூடாது. அப்படியானால் எஃகைவிட அடர்த்தி குறைந்த பொருள் வேண்டும்.

யாழின் தந்தியை நம் முன்னோர் நரம்பு என்றே அழைத்தனர். இன்றும் ‘நரம்புக் கருவி’ என்கிறோம். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் ஆட்டுக் குடலைத் திரித்துத்தான் கிதாருக்குத் தந்தி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது குடல் தந்திக்குப் பெரும் பஞ்சம் வந்தது. அறுவைச் சிகிச்சையில் காயம் தைக்கும் நூலுக்கும் அதே பொருள்தான் வேண்டியிருந்தது. அப்போது கைகொடுத்தது நைலான். 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலாரின் குழு உருவாக்கிய செயற்கை இழை அது. ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவும் நியூயார்க்கில் கருவி செய்து வந்த ஆல்பர்ட் அகஸ்டினும் முயன்று, 1940-களின் இறுதியில் நைலான் தந்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். காலுறைக்கும் மீன்பிடி நூலுக்கும் பயன்பட்ட இழை சங்கீதத்துக்கு வந்தது இப்படித்தான்.

நைலானின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஆகவே நைலான் முதல் தந்தியின் விட்டம் சுமார் 0.71 மில்லிமீட்டர், 10-ஆம் எண் எஃகைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலம். இழுவிசையோ சுமார் 7 கிலோதான். ஒரே விசை, மூன்று மடங்கு அகலம்! தையல் நூலுக்குப் பதில் பனியன் பட்டையைக் கட்டியது போல. போதாக்குறைக்கு நைலான் மென்மையான பொருள். விரல் நுனி மிகவும் மென்மையாக உள்ளவர்களுக்கு முதல் கருவியாக நைலான் தந்திக் கிதாரைப் பலர் சொல்வது இதனால்தான். ஒலி எஃகைப் போலக் கணீரென்று இராது; இதமாக, உருண்டையாக இருக்கும்.

ஆனால் கவனம்! நைலான் கிதாரும் எஃகுக் கிதாரும் வெவ்வேறு கருவிகள். ஆறு நைலான் தந்திகள் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஆறு லைட் எஃகுத் தந்திகள் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கும் மேல். நைலானுக்கென்று செய்த கிதாரில் எஃகுத் தந்தியைக் கட்டினால், தந்திகளைத் தாங்கும் குதிரை நாளடைவில் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும், கழுத்தும் வளையும். எஃகுக் கிதாரில் நைலானைக் கட்டினால் கருவி கெடாது. ஆனால் தந்தியை மாட்டும் அமைப்பு வேறு, ஒலியும் எடுபடாது. கடைக்குப் போகுமுன் உங்கள் கருவி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எஃகுக் கிதார் வைத்திருப்பவர்களுக்கு நடுவழி ஒன்றும் உண்டு. கிதாரின் தடித்த தந்திகள் வெறும் கம்பிகள் அல்ல. நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி, அதன்மேல் வெண்கலக் கம்பிச் சுற்று. லைக்ரா இழையின்மேல் வேறு நூலைச் சுற்றுகிறார்களே, அதைப் போல. ஒரேயடியாகத் தடித்த கம்பியாக இருந்தால் விறைத்துப் போய்ச் சரியாக அதிராது. அதற்காகவே இந்தச் சுற்று. இந்த நடுக்கம்பிக்கும் மேற்சுற்றுக்கும் இடையில் பட்டு அல்லது நைலான் இழைகளை வைத்தும் தந்தி செய்கிறார்கள். ‘சில்க் அண்டு ஸ்டீல்’ என்று பெயர். இழுவிசை குறைவு, விரலுக்கு மென்மை, ஒலியும் மென்மை. பட்டுக்கூடு விளையும் உடுமலைச் சீமைக்காரர்களுக்குப் பொருத்தமான தந்திதானே!

உயரம் என்னும் ஒளிந்த எதிரி

தந்தியை மாற்றினால் மட்டும் போதுமா? கிதாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்தோம். தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் வெள்ளைக் கட்டையில் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை. முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அரை மில்லிமீட்டர் இருந்தாலே போதும்.

அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? கிணற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடித்துத் தாழ்த்துவது எளிது. முளைக்குப் பக்கத்தில் பிடித்து அதே அளவு தாழ்த்துவது கடினம். முதல் மெட்டு தலைப்பக்கக் கட்டையிலிருந்து 36 மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. முளைக்குப் பக்கத்தில் அழுத்துவது போன்றது அது. 12-ஆம் மெட்டு தந்தியின் சரிநடுவில் இருக்கிறது. கணக்குப் போட்டால், முதல் மெட்டில் அரை மில்லிமீட்டர் தாழ்த்துவதற்கும் 12-ஆம் மெட்டில் இரண்டரை மில்லிமீட்டர் தாழ்த்துவதற்கும் ஏறக்குறைய ஒரே விசை வேண்டும்!

மாணவியின் கிதாரில் 13-ஆம் எண் தந்தி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. முதல் தந்தி முதல் மெட்டைத் தொடுவதற்கே விரல் சுமார் 360 கிராம் எடை கொடுக்க வேண்டியிருந்தது. 10-ஆம் எண் தந்தியும் அரை மில்லிமீட்டர் இடைவெளியும் இருந்தால் 110 கிராம் போதும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒலி தெளிவாக எழ இதற்கு மேலும் கொஞ்சம் அழுத்த வேண்டும். ஆனால் விகிதம் இதுதான். பாவம், அந்தப் பெண் இரண்டு மாதமாக மற்றவர்களைவிட மூன்று மடங்கு உழைத்திருக்கிறாள்!

கட்டையின் பள்ளத்தை நீங்களே அரத்தால் ராவிவிடாதீர்கள். ஒரு மயிரிழை அதிகம் போனால் தந்தி மெட்டில் உரசும். பின் கட்டையையே மாற்ற வேண்டும். கருவி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

காசில்லாத வைத்தியம்

புதுத் தந்தி வாங்கும்வரை என்ன செய்வது? வாய்பாட்டை மறுபடி பாருங்கள். அதிர்வெண்ணும் வர்க்கத்தில் இருக்கிறது. ஆறு தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தால் அதிர்வெண் சுமார் 11 சதவீதம் குறையும். இழுவிசையோ 20 சதவீதம் குறையும். ஒரு காசு செலவில்லை. தனியாகப் பழகும்போது சுருதி கொஞ்சம் தாழ்ந்திருந்தால் யாருக்கு நட்டம்? மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் இரண்டாம் மெட்டில் கேப்போ என்னும் கவ்வியை மாட்டிக்கொண்டால் பழைய சுருதி வந்துவிடும். இழுவிசை தாழ்ந்தே இருக்கும். தலைப்பக்கக் கட்டையின் உயரமும் கணக்கிலிருந்து கழிந்துபோகும்.

விரல் வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் அழுத்தாமல், மெட்டுக்கு ஒட்டிய இடத்தில் அழுத்துங்கள். தந்தி மெட்டைத் தொட்டால் போதும். அடியிலுள்ள மரத்தைத் தொட வேண்டியதில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் பலரும் தேவையைவிட அதிகமாகவே அழுத்துகிறார்கள். தந்தியை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே மீட்டிப் பாருங்கள். தெளிவான ஒலி வந்த இடத்தில் நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய விசை அவ்வளவுதான்.

இன்னொன்று, துரு. விரலின் வியர்வையில் உப்பு இருக்கிறது. அது எஃகை அரிக்கும். துருப்பிடித்த தந்தி நுண்ணிய அரத்தைப் போல விரலைத் தேய்க்கும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து வையுங்கள்.

விரலும் மாறும்

இதுவரை தந்தியைப் பற்றியே பேசினோம். விரலும் சும்மா இருப்பதில்லை. மண்வெட்டி பிடிக்கும் கை காய்த்துப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பனியன் கம்பெனியில் நாள் முழுதும் கத்தரி பிடிப்பவர்களின் கட்டைவிரலிலும் அந்தக் காய்ப்பு உண்டு. ஒரே இடத்தில் அளவான அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப நேர்ந்தால், தோல் தன் மேலடுக்கில் கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த செல்களை அதிகமாக அடுக்கிக்கொள்கிறது. அதுவே காய்ப்பு. வீணைக் கலைஞர்களின் இடக்கை விரல்களில் தந்தி ஓடும் தடமே காய்த்திருக்கும்.

‘அளவான’ என்று சொன்னேன் அல்லவா, அதுதான் முக்கியம். அளவு மீறினால் தோலின் அடுக்குகள் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். அது கொப்புளம். கொப்புளம் உடைந்தால் தோல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் வாசிப்பதே மேல். குளித்த உடனே வாசிக்காதீர்கள். ஊறிய தோல் எளிதில் பிய்யும். சில வாரங்களில் விரல் நுனி பழகிவிடும். ஆனால் விரல் மரத்துப் போனாலோ, மணிக்கட்டில் வலித்தாலோ அது காய்ப்புச் சமாசாரமில்லை. நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

“மெல்லிய தந்தி போட்டு வாசிப்பது சோம்பேறித்தனம், வலித்தால்தான் வித்தை வரும்” என்று சிலர் சொல்லக்கூடும். மேதைகள் அப்படி நினைக்கவில்லை. மாண்டலின் என்னும் கருவியில் வழக்கமாக எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு சோடிகள். ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் இரண்டு தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக சங்கீதத்தை வாசித்தது அந்தக் கருவியில் அன்று. ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினில். தம் சங்கீதத்துக்கும் தம் விரலுக்கும் ஏற்றபடி கருவியை அமைத்துக்கொண்டு, அதில் அவர் எட்டிய உயரத்தை உலகம் அறியும்.

கடைக்குப் போகும்போது

சொன்னதையெல்லாம் சுருக்கிப் பார்ப்போம். உங்களிடம் இருப்பது நைலான் கிதாரா, எஃகுக் கிதாரா என்று முதலில் பாருங்கள். எஃகு என்றால், பழகும் காலத்துக்கு 10 அல்லது 11-ஆம் எண்ணில் தொடங்கும் கட்டு போதும். ‘லைட்’, ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்ற பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். மின்கிதார்த் தந்திக்கு ‘லைட்’ என்றால் ஓர் எண். சாதாரணக் கிதாருக்கு ‘லைட்’ என்றால் வேறோர் எண். பொட்டலத்தில் முதல் தந்தியின் எண்ணைப் படியுங்கள். தந்தியோடு முதல் மெட்டின் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ப்பு ஏறி, ஒலி போதவில்லை என்று உங்கள் காதுக்கே தோன்றும்போது 12-க்குப் போகலாம்.

நம் மாணவியின் கதைக்கு வருவோம். சில நூறு ரூபாயில் 10-ஆம் எண் தந்திக்கட்டு ஒன்று வாங்கினார்கள். பழுது பார்ப்பவர் பள்ளங்களை ஆழமாக்கிக் கொடுத்தார். கொப்புளம் ஆறும்வரை ஒரு வாரம் கருவியைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். கிதார் விற்கப்படவில்லை.

போன மாதம் ஒரு மாலை, வேலை முடிந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கிய அவளுடைய அம்மாவைத் தெருமுனையில் பார்த்தேன். “பொண்ணு எப்படி வாசிக்கிறாள்?” என்று கேட்டேன். “ராத்திரி பத்து மணிக்கு மேலயும் நிறுத்த மாட்டேங்கறாளுங்க சார்” என்று அலுத்துக்கொண்டார். ஆனால் முகத்தில் அலுப்பு இல்லை. மறுநாள் அந்தப் பெண்ணே வந்து இடக்கையை விரித்துக் காட்டினாள். நான்கு விரல் நுனிகளிலும் சிறிய, மஞ்சள் நிறக் காய்ப்புகள். “இப்ப 11 போடலாமுங்களா சார்?” என்றாள்.

“போடலாம். இழுவிசை எவ்வளவு கூடும், நீயே கணக்குப் போட்டுச் சொல்” என்றேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள்.